படுத்திருக்கும் மான்

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: காட்டு மிருகங்கள் சுகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. கேட்டவர் உடனே, "அதுங்க என்ன, வாயைத் திறந்து சொல்லவா போகுது?" என்பார். சொல்லாது. அதனால்தான் ஒருத்தி பதினோரு வருஷமாக ஏரிக்கரைப் புதரில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

என் வேலை பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் ஆட்களின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் வரிசை கட்டி அனுப்புவேன். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் பட்டறையில்தான் தயாராகிறது. அதை அவர்களும் வெளியே சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

எங்கள் கல்யாணமே ஒரு தாடையால் நடந்தது. ஒரு நாள் மத்தியானம் செய்தித்தாளில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் ஒரு பெண் வந்தாள். பிரித்து மேஜையில் வைத்தாள். கீழ்த்தாடை, பற்களோடு. "இதுக்கு அச்சு எடுத்து அஞ்சு காப்பி செஞ்சு தர முடியுமா?" என்றாள். நான் வழக்கம்போல, "பேஷண்டுக்கு வயசென்ன?" என்று கேட்டேன். "அதைக் கண்டுபிடிக்கத்தாங்க காப்பி வேணும். செத்துப்போன மான்" என்றாள், சிரிக்காமல். பல் தேய்ந்திருப்பதை வைத்து மானின் வயசைச் சொல்லலாமாம். அன்றைக்கு அரை மணி நேரம் அவள் மான் பல்லைப் பற்றிப் பேசினாள், நான் மனிதப் பல்லைப் பற்றிப் பேசினேன். ஐந்து காப்பியையும் ஒன்றொன்றாகத்தான் கொடுத்தேன். ஐந்து தடவை வரட்டுமே என்றுதான்.

மாடி வீட்டில் இருக்கும் என் அக்கா அவளுக்கு வைத்த பெயர் "புழுக்கை டாக்டர்". அதில் பொய் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தின் ஃபிரீசர் ஒரு தடவை படுத்துவிட்டது. நாற்பது பொட்டலம் மான் புழுக்கையைத் தேதி வாரியாக எங்கள் வீட்டு ஃபிரீசரில் அடுக்கி வைத்திருந்தாள். அக்கா ஐஸ் எடுக்க வந்து திறந்துவிட்டாள். அதன்பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் குளிர்ந்தது எதையும் அவள் வாயில் வைப்பதில்லை.

ஆராய்ச்சி நிலையம் என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரியின் தென்கோடியில் இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, வாளி வாளியாக ரப்பர் பூட்ஸ். தலைவி ஒரு பேராசிரியை. எல்லோருக்கும் மேடம், எங்கள் வீட்டிலும் மேடம். மேடம் மட்டும்தான் நிரந்தரம். என் மனைவி வருஷ ஒப்பந்தம். வருஷத்தின் கடைசி மாதம் வந்தால் அடுத்த கடிதம் வருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். இப்படிப் பதினோரு கடிதம்.

போன வருஷம்தான் அந்த விளம்பரம் வந்தது. காட்டுப் பாலூட்டிகளின் நடத்தையும் நலமும் பற்றி ஆராய ஒரு ஆய்வாளர் தேவை, பணி நிரந்தரம், வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்து நாலு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி கிடையாது. நேர்முகத் தேர்வுக்கு முன்னால், தான் செய்த ஆராய்ச்சிகளில் சிறந்தது ஒன்றைப் பற்றி எல்லோர் முன்பும் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று போட்டிருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. எது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நடைபாதை ஆராய்ச்சி.

அது நாலு வருஷத்துக் கதை. ஏரியின் கிழக்குக் கரையில் மக்கள் நடக்கக் கல் பதித்து ஒரு பாதை போட்டார்கள். அந்தக் கரையில் மான் கூட்டம் உண்டு. மேற்குக் கரையிலும் உண்டு, அங்கே பாதை இல்லை. பாதையால் மான்களுக்குத் தொந்தரவா என்று ஏரியை நிர்வகிக்கும் ஏரிக் குழு கேட்டது. மேடம் பொறுப்பை என் மனைவியிடம் கொடுத்தார். இரண்டு கரையிலும் மறைவிடம் கட்டி, தன்னார்வலர்களை உட்கார வைத்து, கேமராவும் வைத்து, மான்கள் மேய்கிறதா, நடக்கிறதா, ஓடுகிறதா, நின்று முறைக்கிறதா, படுத்திருக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்தார்கள். இரண்டு வருஷம் குறித்தார்கள். முடிவு எல்லோருக்கும் இனித்தது. பாதையோரத்து மான்கள் குறைவாக ஓடின, அதிகமாகப் படுத்திருந்தன. ஆகவே மான்கள் பாதைக்குப் பழகிவிட்டன, நிம்மதியாக இருக்கின்றன. மேடம் பெயரும் அவள் பெயரும் போட்டுக் கட்டுரை வந்தது, செய்தித்தாளில் படத்தோடு வந்தது. ஏரிக் குழு அதையே முதல் பக்கத்தில் ஒட்டி, மேற்குக் கரையிலும் பாதை போடத் தீர்மானம் எழுதிவிட்டது. நேர்முகத் தேர்வுக்கு அடுத்த மாதம் கல் இறங்க வேண்டியது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பேச்சின் நடுவில் காட்ட ஒரு வீடியோத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. பாதைக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் ஒரு பெண் மான் படுத்திருந்தது. பின்னால் ஆட்கள் நடந்து போகிறார்கள், அது அசையவில்லை. "அடடா, ராணி மாதிரி படுத்திருக்கு பாரு! இதையே போடு" என்றேன்.

அவள் துண்டை முதலுக்குக் கொண்டுபோனாள். ஓட்டினாள், மறுபடி ஓட்டினாள். பத்து நிமிஷத் துண்டை முழுசாக இரண்டு தடவை பார்த்தாள். அவள் தட்டில் சாப்பாடு ஆறிப்போனது.

"மெல்லல" என்றாள்.

"யாரு?"

"மான். பத்து நிமிஷமா வாய் அசையல. காதைப் பாருங்க, ஒரு செகண்டு நிக்கல. இது ஓய்வெடுக்கலைங்க. ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாள் முழுக்கத் தாடையோடு குடித்தனம் பண்ணுகிறவன் நான். தாடையைப் பார்க்காமல் ராணி, கீணி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவள் விளக்கினாள். மான் அவசரமாக மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். மெல்லுவதெல்லாம் அப்புறம்தான். பயமில்லாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தின்றதைக் கவளம் கவளமாகத் தொண்டைக்கு மேலே கொண்டுவந்து அசைபோடும். மனசு நிம்மதியாக இருந்தால்தான் அந்தத் தாடை ஓடும். பயந்த மான் எப்போதும் ஓடிவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பாதை, அதற்கப்பால் வேலி என்றால் எங்கே ஓடும்? படுத்துக்கொள்ளும். அதனால் மான் படுத்திருக்கிறதா என்பது மட்டும் போதாது. படுத்திருக்கும் மான் மெல்லுகிறதா என்பதுதான் கேள்வி.

"இதை ஏன் முதல்லயே பாக்கல?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்தாள். முதல் வருஷத் தாள். அதில் 'படுத்து அசைபோடுதல்' என்று ஒரு கட்டம், 'படுத்திருத்தல்' என்று தனியாக இன்னொரு கட்டம் இருந்தது. தன்னார்வலர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வாய் தெரியவில்லை. தப்பும் தவறுமாகப் போட்டார்கள், அலுத்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் ஸ்கேலை வைத்து நடுக்கோட்டை அழித்து, இரண்டையும் சேர்த்து, மேலே 'படுக்கை' என்று எழுதியிருக்கிறாள். அவளுடைய கையெழுத்துத்தான். அழித்த கோட்டின் தடம்கூடத் தாளில் தெரிந்தது.

"மேடம் இல்ல, வேற யாரும் இல்ல. நான்தான்" என்றாள். அழுதாள். ரொம்ப நேரம் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது சரியாவே இருக்கலாம்மா. ஆனா இப்ப எதுக்கு இதைக் கிளப்புற? முதல்ல நீ உள்ள வா. உள்ள வந்தப்புறம் நாம ரெண்டு பேரும் உக்காந்து திருத்திக்கலாம்."

"அடுத்த மாசம் கல்லு இறக்கிடுவாங்க மேடம்."

"அது நம்ம கையில இல்லையே."

"நம்ம அறிக்கையைத்தான் மேடம் முதல் பக்கத்துல ஒட்டியிருக்காங்க."

"தேர்வுக் குழுவில ஏரிக் குழுத் தலைவரும் இருக்கார், நானும் இருக்கேன். யோசிச்சுப் பண்ணு" என்று வைத்துவிட்டார்.

மறைக்காமல் சொல்கிறேன், நானும் மேடம் கட்சிதான். பதினோரு வருஷம் கடிதத்துக்குக் காத்துக்கிடந்தவன் வேறென்ன சொல்வேன்? "மேடம் சொல்றதுல என்ன தப்பு? வேலை கையில வரட்டும். அப்புறம் நீ எதை வேணா திருத்து" என்றேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். நான் மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் லீவு போட்டாள். பழைய வீடியோக்களில் மான் படுத்திருக்கும் துண்டுகளை மட்டும் பிரித்தாள். தலா பத்து நிமிஷம், மொத்தம் முந்நூற்று எண்பத்து நாலு. அறுபத்து நாலு மணி நேரம் ஓடும். அத்தனையையும் ஒன்பது நாளில் பார்த்து, மெல்லுகிறதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பது அவள் திட்டம். அதோடு, அதில் கால் பங்கை வேறொருவர் தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இவர்கள் தொழிலில் அது கட்டாயம். இரண்டு பேர் கண்ணும் ஒத்துப்போகிறதா என்று சோதித்த பிறகுதான் வெளியே பேசலாம். அந்த இரண்டாவது ஆளுக்கு எந்தத் துண்டு எந்தக் கரை என்று தெரியவே கூடாது.

"அதுக்கு யாரைப் பிடிக்கப் போற?" என்றேன்.

"பிடிச்சாச்சு" என்றாள், என் கையிலிருந்த டீயைப் பார்த்துக்கொண்டே. "நிலையத்துல இருக்கிறவங்களுக்குக் கரை அடையாளம் தெரியும். நீங்க அந்தப் பக்கம் வந்ததே இல்ல. தாடை பாக்கத் தெரியும். சம்பளமும் கேக்க மாட்டீங்க."

இரண்டு கரைத் துண்டுகளின் எண்களையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதி, காலி பிளாஸ்டர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, கரைக்கு நாற்பத்தெட்டாக எடுத்து, வரிசையைக் கலைத்தாள். கறுப்பு அட்டையில் ஓட்டை வெட்டித் திரையில் ஒட்டினாள். மானைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. நடக்கிறவர்கள் குரல் கேட்டுவிடக் கூடாது என்று சத்தத்தையும் நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் பட்டறை திறக்கும் முன் பத்து, பதினோரு துண்டு பார்ப்பேன். ஒரு தாளில் 'ஆம்' அல்லது 'இல்லை'. தொண்டையில் கவளம் ஏறி, தாடை பக்கவாட்டில் ஓடினால்தான் 'ஆம்'. மூக்கை நக்கினால் கணக்கில்லை, ஈயை விரட்டினால் கணக்கில்லை.

நான் பார்க்கும்போது அவள் அறையில் இருக்க மாட்டாள். அவள் முகத்தைப் பார்த்து நான் பதில் போட்டுவிடுவேனாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று கத்தினேன். "உங்க மேல நம்பிக்கை இருக்கு, என் மூஞ்சி மேலதான் இல்ல" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

பத்து நிமிஷம் ஒரு மானின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். முதல் நாள் கண் எரிந்தது. மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்த ஒரு பெரியவர் பல் செட்டைப் போட்டு மென்று காட்டியபோது, 'ஆம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா தினமும் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று பார்ப்பாள். "மான் மெல்லுதா மெல்லுதான்னு பாத்துக்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் மெல்லுறதை மறந்துட்டீங்கடா. இந்தா, சாப்பிடுங்க" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவாள். அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு பாதி நேரம் எரியவில்லை. என் மனைவி மேஜையின் ஒரு முனையில், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, முந்நூற்று எண்பத்து நாலையும் பார்த்து முடித்தாள்.

பத்தாம் நாள் காலை இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாள். நான் பரீட்சை எழுதின பையன்போலப் பக்கத்தில் நின்றேன். தொண்ணூற்று ஆறில் எண்பத்தொன்று ஒத்துப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பல் செட்காரன் கண்ணை!" என்றேன்.

அவள் ஒத்துப்போகாத பதினைந்தையும் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கரையை எழுதினாள். எழுத எழுத முகம் வெளிறியது. பேனாவை வைத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"பதினைஞ்சில பதிமூணு ஒரே பக்கம் சாயுது. மேற்குக் கரை மானா இருந்தா, நீங்க 'இல்லை'ன்னு போட்ட இடத்துல நான் 'ஆம்'னு போட்டிருக்கேன். பாதையோர மானா இருந்தா, நீங்க 'ஆம்'னு போட்டதுக்கு நான் 'இல்லை'. எனக்கு எந்தக் கரைன்னு தெரியும்ல? மூணு வருஷம் முன்னாடி மான் நல்லா இருக்குன்னு பாக்க ஆசைப்பட்டேன், அப்படியே பாத்தேன். இப்போ நல்லா இல்லைன்னு பாக்க ஆசைப்பட்டிருக்கேன்."

எண்களைச் சொன்னாள். கரைக்கு நாற்பத்தெட்டுத் துண்டு. அவள் தாளின்படி மேற்கில் முப்பத்தாறு மான் மென்றது, பாதையோரம் பதினொன்றுதான். என் தாளின்படி மேற்கில் முப்பத்தொன்று, பாதையோரம் பதினேழு. என் எண்ணிலும் வித்தியாசம் இருந்தது, நிஜமான வித்தியாசம். ஆனால் அவளுடையதைப்போல முகத்தில் அறையும் வித்தியாசம் இல்லை.

நான் சொன்னேன்: "பதிமூணு துண்டு, அவ்வளவுதானே? உன் கண்ணு பதினோரு வருஷம் மானைப் பாத்த கண்ணு. என் கண்ணு ஒன்பது நாள். உன்னுதையே சொல்லு. ஏற்கெனவே தப்புப் பண்ணிட்டேன்னு போய் நிக்கப்போற. கையில கொஞ்சம் பலமாவாவது எடுத்துக்கிட்டுப் போயேன்."

"முந்நூத்து எண்பத்து நாலும் வேண்டாம்" என்றாள்.

"என்னது?"

"என்னுது ஒண்ணுமே வேண்டாம். உங்க தொண்ணூத்தாறு போதும்."

ஒன்பது நாள் உழைத்த தாள்களை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, மேலே சிவப்பு மையில் 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதினாள். நான் வேறு மாதிரி குறித்திருந்தால் அவள் கண்ணீரும் கண்ணெரிச்சலும் வீணாகியிருக்காதே என்று இருந்தது. மேஜையைத் தட்டிவிட்டுச் சொன்னேன்: "எது எந்தக் கரைன்னு முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தா, நானும் உன்ன மாதிரியே போட்டிருப்பேன்ல?"

"அதுக்குத்தாங்க சொல்லல" என்றாள்.

பேச்சு நடந்த கூடம் சின்னது. முன் வரிசையில் தேர்வுக் குழு ஐந்து பேர், பின்னால் இன்னும் இரண்டு விண்ணப்பதாரர்கள், நிலையத்து ஆட்கள். கடைசி வரிசையில் நானும் அக்காவும். என் மனைவி மேடை ஏறி வணக்கம் சொல்லிவிட்டு முதல் படமாகக் காட்டியது மானை அல்ல, அழிக்கப்பட்ட கோடு தெரியும் அந்தத் தாளை. "இது நான் போட்ட தாள். இந்தக் கோட்டை அழிச்சதும் நான்தான். இதனால எங்க கட்டுரையோட முடிவு தப்பாயிடுச்சு" என்று ஆரம்பித்தாள். மேடம் குனிந்து தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பழைய முடிவு, புதிய பார்வை, முப்பத்தொன்று, பதினேழு. அதோடு விட்டாளா? "இது சின்னக் கணக்குத்தான். ஒரே ஆள் பாத்தது. என்னோட குறிப்புகளைச் சேர்க்கல, ஏன்னா அதுல என் ஆசை கலந்திருந்துச்சு" என்று பதிமூன்று துண்டுகளையும் வரிசையாகக் காட்டினாள். அக்கா என் தொடையில் கிள்ளினாள். "இவளே இவளைப் போட்டுக் கொடுக்கிறாளேடா" என்று என் காதில் புலம்பினாள்.

ஏரிக் குழுத் தலைவர்தான் முதலில் கேட்டார். வெடுக்கென்று கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "அன்னைக்கு நல்லா இருக்குன்னீங்க. நாங்க நம்பித் தீர்மானம் போட்டோம். இன்னைக்கு இல்லைங்கிறீங்க. நாளைக்கு வேற யாராவது வேற மாதிரி பாத்தா?"

"பாத்து, அது சரியா இருந்தா, அதையும் இங்கயே வந்து சொல்வேங்க. இப்போதைக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: பாதையோர மான் நிம்மதியா இருக்குன்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல. சரியான தாளோட ஒரு வருஷம் பாத்துட்டு மேற்குக் கரையில கை வைங்க. போட்ட கல்லை எடுக்கிறது கஷ்டம்."

வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இரண்டாவது பார்வையாளரோட தகுதி என்ன?"

"பல் செட் செய்றவர்."

கூடம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"என் வீட்டுக்காரர்."

இன்னும் பெரிய சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆக, பதினோரு வருஷ அனுபவம் இருக்கிற உங்களை நம்பாம, உங்க கணவரை நம்பச் சொல்றீங்க?"

"ஆமாங்க. எந்தக் கரைன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சனை."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் எதையோ குறித்தார்.

ஆறு வாரம் தகவல் இல்லை. கட்டுரையைத் திருத்தும் கடிதத்தை அவளே எழுதி மேடத்தின் கையெழுத்துக்கு அனுப்பினாள். அது கையெழுத்தோடு திரும்பி வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லாமல். ஏரிக் குழு மேற்குக் கரை வேலையை ஒரு வருஷம் தள்ளிவைத்தது. நான் வீட்டில் தும்மாமல் இருந்தேன். அவள் புதுத் தாள் வரைந்துகொண்டிருந்தாள், இரண்டு கட்டமும் தனித்தனியாக. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தத் தாள் போய்ச் சேர வேண்டும் என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் மேடம் போன் பண்ணினார். "நான் உனக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன். கோபம் இன்னும் போகல. மத்த நாலு பேரும் உன் பக்கம் போட்டுட்டாங்க. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து கையெழுத்துப் போடு. லேட்டா வராத." அவள் போனை வைத்துவிட்டு, பட்டறை வாசலில் பிளாஸ்டர் தூசியோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அக்கா மாடியிலிருந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டே செருப்பு இல்லாமல் ஓடிவந்தாள்.

ஆய்வாளராக அவள் எழுதிய முதல் உத்தரவை எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு வருஷக் கணக்கெடுப்பில் மான்களைப் பார்த்துக் குறிக்கக் கூடாதவர்கள் யார் யார் என்ற பட்டியல். முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது மேடம், மூன்றாவது நான். "நமக்குத்தான் என்ன வரணும்னு தெரியுமே" என்றாள். கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒருவரையும், எம்பிராய்டரி போடும் ஒரு பெண்ணையும் பிடித்திருந்தாள். நுணுக்கமாகப் பார்க்கிற கண். செய்தித்தாள் பக்கமே போகாதவர்கள். எதற்காகப் பார்க்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

போன வாரம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு முதல் தடவையாகக் கிழக்குக் கரைக்குப் போனேன். மறைவிடத்துக்குள் அவர்கள் இருவரும் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டில், ஏரிக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்தபடி ஒரு ஸ்டூலில் இவள். கையில் கடிகாரம். நேரம் வந்ததும் "இப்போ" என்பாள், அவர்கள் குறிப்பார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் எழுந்தால் மான், படுத்தால் மான் என்று இருந்தவள். "ஒரு தடவை திரும்பினா என்ன, குடியா முழுகிடும்?" என்று காதோரம் கேட்டேன்.

"நான் பாத்தா என் மூஞ்சி மாறும். என் மூஞ்சியைப் பாத்து அவங்க போடுவாங்க."

அப்போது புதர் விலகியது. ஒரு பெண் மான், பின்னால் அதன் குட்டி. எங்களுக்கு இருபதடி கூட இருக்காது. மெதுவாக வந்து, மோந்து பார்த்து, முன்னங்காலை மடக்கிப் படுத்தது. அட்டையும் ஓட்டையும் இல்லாமல் நான் ஒரு மானை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. கண் என்னை அறியாமல் அதன் தாடைக்குப் போனது. பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க" என்றாள். கண் நிறையத் தண்ணீர், ஆனால் கழுத்து திரும்பவில்லை.

என் முகமும் காட்டிக்கொடுக்கிற முகம்தான். அவள் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நானும் ஏரிக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.